பங்கில்லாத ஆச்சி

பாளையங்கோட்டை பழைய வாய்க்கால் தெருவில் எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பது அந்தந்த வீட்டுக்காரர்களுக்குத் தெரிவதற்கு முன்பே சங்கரவடிவுக்குத் தெரிந்துவிடும். இதற்காக அவள் யார் வீட்டுச் சுவரிலும் காதை வைத்ததாகச் சொல்ல முடியாது. ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கினாள், அவ்வளவுதான். இரட்டைக் கதவு போட்ட, பீரோ அகல ஃப்ரிட்ஜ். பிள்ளைகள் இரண்டும் கடல் தாண்டிப் போய், வீட்டில் அவளும் கணவர் நமச்சிவாயமும் மட்டும் மிஞ்சியிருந்த சமயம். "ரெண்டு பேருக்கு இது எதுக்கு?" என்று அவர் கேட்டார். "தெருவுக்கு" என்றாள்.

தெருவும் வந்தது. அடுத்த வீட்டு ஜெபக்கனியின் இட்லி மாவு, கோடி வீட்டு மல்லிகைப்பூ, யார் வீட்டுப் பிறந்தநாளிலோ மிஞ்சிய பாதிக் கேக், எல்லாம் அங்கேதான் குடியிருந்தன. வாடகை கிடையாது. மாவு வைக்க வருகிறவர்கள் மாவோடு ஒரு சேதியையும் வைத்துவிட்டுப் போக வேண்டும். எடுக்க வரும்போது இன்னொன்று. இப்படி யாரும் சட்டம் போடவில்லை. ஆனால் சேதி இல்லாமல் வந்தவர்களின் மாவு மறுநாள் எப்படியோ புளித்துப் போயிருக்கும்.

எல்லோரையும்விட அதிகமாகச் சேதி கொண்டுவந்தவர் இஸ்திரி வண்டிக்காரர் பலவேசம். துணிக்குத் தெரியாத ரகசியம் உண்டா. எந்த வீட்டுக் கணவனின் சட்டைகள் மட்டும் தனி மூட்டையாக வருகின்றன, எந்த வீட்டுப் பட்டுப்புடவை திடீரென்று தேய்ப்புக்கு வந்து, பெண் பார்க்க ஆள் வருவதைக் காட்டிக்கொடுக்கிறது என்றெல்லாம் கரிப்பெட்டியை நகர்த்தியபடியே சொல்லுவார். பதிலுக்குப் பெரிதாக ஒன்றும் கேட்டதில்லை. காலையில் வண்டியைத் தெருமுனையில் நிறுத்தும்போது இரண்டு பாட்டில் தண்ணீரை அவள் வீட்டு ஜன்னலில் கொடுப்பார். உச்சிவேளையில் வந்து குளிர்ந்ததை வாங்கி, பிடரியில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு மிச்சத்தைக் குடிப்பார். சங்கரவடிவை "ஆச்சி" என்பார். அவளைவிட அவருக்கு ஐந்தாறு வயது கூடத்தான் இருக்கும். அந்த ஊரில் வீட்டு வாசல் பெரிதாக இருந்தால் வயதும் தானாகக் கூடிவிடும்.

இதெல்லாம் நாத்தனார் வருவதற்கு முன்பு.

அக்னி நட்சத்திரம் என்பது முன்பெல்லாம் சித்திரையில் வந்து வைகாசியில் கிளம்பிப்போகும் விருந்தாளி. இப்போது அது வீட்டோடு மாப்பிள்ளை. மாசியில் வந்து உட்கார்ந்தால், ஐப்பசி மழை வந்து கழுத்தைப் பிடித்துத் தள்ளினால்தான் எழுந்திருக்கிறது. ஆட்கள் வெயிலில் விழுந்து சாவது சாதாரணமாகிவிட்டது. இப்படிச் சாதாரணமாகிவிட்டதே என்று அரசாங்கம் வருத்தப்பட்டது. பெரிய பெரிய ஆட்களையெல்லாம் கூட்டி வைத்து வருஷக்கணக்கில் யோசித்து, வெயிலுக்கு யார் காரணம் என்று கடைசியில் கண்டுபிடித்தும் விட்டது. நாம்தான்.

அப்படிப் பிறந்ததுதான் வெப்பப் பொறுப்பு வாரியம். தெருவுக்கு ஒரு கம்பம், கம்பத்தில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. எந்த வீட்டில் எவ்வளவு நேரம் ஏ.சி. ஓடுகிறது, யார் எதை வாங்குகிறார்கள், வாங்கியதை எத்தனை நாளில் தூக்கிப் போடுகிறார்கள் என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். வாயைத் திறக்காது. ஆனால் சொல்ல வேண்டிய இடத்தில் போட்டுக் கொடுத்துவிடும். அதனால் தெருவில் அதற்கு நாத்தனார் என்று பெயர். சங்கரவடிவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. காலமெல்லாம் தான் பார்த்த வேலையை ஒரு தகரப்பெட்டி வந்து பார்த்தால் யாருக்குத்தான் ஆகும்.

நாத்தனார் சொல்வதற்கேற்ப ஒவ்வொரு வீட்டு நிலையிலும் ஒரு விளக்கு எரியும். பச்சை என்றால் உத்தமர். மஞ்சள் என்றால் எச்சரிக்கை. சிவப்பு என்றால் உலகம் சூடாவதில் உங்களுக்கு நல்ல பங்கு இருக்கிறது. வட்டாரத்தில் யாராவது வெயிலில் செத்துப்போனால், சிவப்பு விளக்குக்காரர்கள் அந்தச் சாவு வீட்டு வாசலில் பங்கு வரிசைப்படி நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும்.

முதல் மன்னிப்பு வரிசை பக்கத்துத் தெருவில், ஒரு ஓய்வு பெற்ற தபால்காரருக்காக நடந்தது. அதில் இரண்டாவதாக நின்றவர் ஜெபக்கனியின் கணவர் செல்லத்துரை. சோபா ஒன்று வாங்கி, நிறம் பிடிக்காமல் திருப்பி அனுப்பி, வேறொன்று வாங்கியிருந்தார்.

"சோபாவுக்கும் போஸ்ட்மேன் செத்ததுக்கும் என்ன சம்பந்தம்னு அவிய கேட்டாவ அக்கா" என்று ஜெபக்கனி மூக்கைச் சிந்தினாள். "அதுக்கு அந்த வாரியத்துப் பையன், சம்பந்தம் இல்ல சார், பங்குதான் இருக்குங்கான்."

"அழாதட்டி" என்று சங்கரவடிவு ஆறுதல் சொன்னாள். "சபையில நிக்கும்போது உங்க வீட்டுக்காரர் இன்னும் கொஞ்சம் நல்ல சட்டையா போட்டிருக்கலாம். அதுதான் எனக்கு மனசு கேக்கல."

அன்று பொழுது சாய்வதற்குள் அந்தச் சோபாவின் நிறம், அது ஏன் பிடிக்கவில்லை, பிடிக்காமல் போனது புருஷனுக்கா பெண்சாதிக்கா என்பதெல்லாம் தெருவில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருந்தது.

ஆகவே, பங்குனியில் ஒரு காலை சங்கரவடிவின் வீட்டு விளக்கு மஞ்சளானபோது அதை முதலில் பார்த்தது ஜெபக்கனியாக இருந்ததில் ஆச்சரியமில்லை. மாவுப் பாத்திரத்தோடு வாசலிலேயே நின்றாள்.

"அக்கா, உங்க வீட்டு விளக்குக்கு என்ன, காமாலையா?"

சங்கரவடிவு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள். ஜெபக்கனியின் முகத்தில் இருந்த இரக்கத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். அது அவளுடைய சொந்த முகபாவம்தான்.

அன்றைக்கே ஆய்வாளர் கிங்ஸ்லியை வீட்டுக்கு வரவழைத்துவிட்டாள். சோபாக்காரரிடம் பேசிய அதே வாரியத்துப் பையன். நல்ல பிள்ளை, வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு மோர் குடித்தான்.

"எங்க வீட்டுல ஏ.சி. கூட கிடையாது தம்பி. பெட்டிக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"ஃப்ரிட்ஜும்மா. கதவு ஓயாம தொறந்து மூடுது. ஒரு கல்யாண மண்டபத்துலகூட அத்தனை தடவை தொறக்க மாட்டாங்க."

"அதுல உள்ளது எங்க சாமானா? ஊர்ச் சாமான்லா."

"சாமான் யாருதுன்னு நாத்தனாரு..." கிங்ஸ்லி நாக்கைக் கடித்துக்கொண்டான். "யாருதுன்னு பெட்டி பாக்காதும்மா. குளுரவச்சது உங்க ஃப்ரிட்ஜ். பின்பக்கமா சூட்டைத் தெருவுல விட்டது உங்க ஃப்ரிட்ஜ். பங்கு உங்களுக்குத்தான்."

நமச்சிவாயம் பேப்பரை மடித்து வைத்தார். "ஏன் தம்பி, தெருமுனையில மூணு மாடித் துணிக்கடை இருக்கே. உள்ள போனா பல்லு கிட்டிப்போகுது. வெளிய நின்னா அவன் மிசின் ஊதுற சூட்டுல மனுசன் வெந்துபோவான். போர்டை மறைக்குன்னு வேப்பமரத்தையும் வெட்டிட்டான். அந்தக் கடைக்கு விளக்கு எங்க?"

"கடைக்கு விளக்கு கெடையாதுங்க. கடை எதையும் நுகராதுல்லா. நாமதான் நுகருதோம். கடைக்கு உள்ள போறவங்க ஒவ்வொருத்தருக்கும் அந்தக் குளிரைப் பிரிச்சுப் போட்டுரும்."

"சிமெண்டு ஆலை?"

"வீடு கட்டுறவங்களுக்கு."

"அனல்மின் நிலையம்?"

"சுவிட்சைப் போடுறவங்களுக்கு. எல்லாம் நமக்காகத்தான ஓடுது. அவங்க பாவம், நாம கேக்கோம்னு செஞ்சு குடுக்காங்க."

"ஓகோ" என்றார் நமச்சிவாயம். "அவங்க பாவந்தான்" என்று பேப்பரை மறுபடி விரித்துக்கொண்டார்.

சங்கரவடிவின் கவலை சிமெண்டு ஆலையைப் பற்றியது இல்லை. "தம்பி, இது சிவப்பாகாம இருக்க என்ன செய்யணும், அதைச் சொல்லு."

"ஊர்ச் சாமானைத் திருப்பிக் குடுங்க. உச்சிவேளையில ஃப்ரிட்ஜை நிறுத்தி வைங்க. ரெண்டு வாரத்துல பச்சை வந்துரும். அவங்கவங்க வீட்டுலருந்து ஆரம்பிக்கணும்மா. வெயில்னாலதான் செத்தான்னு சொன்னா யாருக்கும் உறைக்காது. பேரைச் சொன்னாத்தான் உறைக்கும்."

கடைசி வாக்கியத்தை அவன் பயிற்சி வகுப்பில் கற்றிருப்பான். ஆனால் சங்கரவடிவுக்கு அது தைத்தது. சாவு வீட்டு வாசலில் தான் நிற்பதையும், எதிர் வரிசையில் ஜெபக்கனி நின்று தன் புடவையைப் பார்ப்பதையும் நினைத்துப் பார்த்தாள். அன்று சாயங்காலமே மாவுகள் வெளியேறின. பூ வெளியேறியது. பாதிக் கேக்கை உரிமையாளர் யாரென்று தெரியாததால் நமச்சிவாயம் சாப்பிட்டார். "அவங்கவங்க பொறுப்பை அவங்கவங்க உணரணும்லா" என்று ஒவ்வொரு பாத்திரத்தோடும் ஒரு வாக்கியத்தையும் சேர்த்துக் கொடுத்தனுப்பினாள்.

மறுநாள் காலை பலவேசம் வழக்கம்போல ஜன்னலில் பாட்டில்களை நீட்டினார்.

"பலவேசம், இனிமே வைக்க முடியாது. வாசல் விளக்கைப் பாத்தியல்லா."

"ரெண்டு பாட்டில்தான ஆச்சி."

"ரெண்டு பாட்டில்தானன்னு ஆளாளுக்கு நெனச்சதுனாலதான் உலகம் இப்படிக் கொதிக்கி. நானே பொறுப்பில்லாம இருந்தா நாளைக்கு வேற யாரைப் போய்ச் சொல்லுதது?"

பலவேசம் பாட்டில்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "அதுவும் சரிதான் ஆச்சி" என்றார். "நானும் கரிப்பெட்டிக்காரன். உலகத்தைச் சூடாக்குததுல நமக்கும் பங்கு இருக்குல்லா."

அவர் கேலி செய்தாரா, நிஜமாகத்தான் சொன்னாரா என்று சங்கரவடிவுக்குப் பிடிபடவில்லை. ஒரு வாக்கியத்துக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்குப் பிடிபடாமல் போனது அதுதான் முதல் தடவை.

விளக்கு பச்சையானது. வாரியத்திலிருந்து கதவில் ஒட்ட ஒரு வில்லை வந்தது: 'குளுமை இல்லம்' என்று எழுதி, கீழே ஒரு பனிக்கரடி கும்பிட்டுக்கொண்டு நின்றது. சங்கரவடிவு அதை நேராக ஒட்டுவதற்காக மூன்று தடவை உரித்து ஒட்டினாள். ஆனால் மாவு வராத வீட்டுக்குச் சேதியும் வராது என்பதை அவள் யோசித்திருக்கவில்லை. தெருவில் ஒரு பெண் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போன விஷயமே அவளுக்கு ஒரு வாரம் கழித்து, அதுவும் நமச்சிவாயம் மூலமாகத்தான் தெரிந்தது. உத்தமியாக இருப்பதில் இப்படிச் சில கஷ்டங்கள் உண்டு.

வேலை இல்லாததால் ஜன்னல் திரைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். பலவேசத்தின் வண்டி தெருமுனையில், துணிக்கடை மிஷின்கள் சூட்டை ஊதும் சுவரை ஒட்டித்தான் நிற்கும். வேப்பமரம் இருந்த நாளில் பிடித்த இடம். மரம் போனாலும் இடத்தை விட்டால் வேறு யாராவது வந்துவிடுவார்கள். உச்சிவேளையில் பழக்கதோஷத்தில் அவர் பாதித் தெரு வரைக்கும் நடந்து வருவார். பிறகு ஞாபகம் வந்து, ஏதோ கீழே விழுந்ததைத் தேடுகிறவர் மாதிரி தரையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார். சங்கரவடிவு திரையை விலக்க மாட்டாள். விலக்கினால் கூப்பிட வேண்டியிருக்கும்.

சித்திரையில் ஒரு மத்தியானம் அவர் பாதித் தெருவுக்கு வரவில்லை. வண்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துப் படுத்தார். துணிக்கடை வாசலில் நின்ற காவலாளி முதலில் தூக்கம் என்று நினைத்தாராம். ஆள் கூடித் தூக்கும்போது வண்டியின் கீழே இருந்த பாட்டில் தண்ணீர் டீ போடலாம் போலக் கொதித்துக்கொண்டிருந்ததாம். இந்தச் சேதியைச் சொன்னது ஜெபக்கனி. சேதியைக் கேட்டுக்கொண்டு சங்கரவடிவு கேள்வி கேட்காமல் இருந்தது கண்டு ஜெபக்கனி பயந்துபோய், "அக்கா, உங்களுக்கு மயக்கம் கியக்கம் வருதா?" என்றாள்.

அன்று சங்கரவடிவு சாப்பிடவில்லை.

"நான் வைக்க மாட்டேன்னுட்டேன்லா" என்றாள் கணவரிடம்.

"எதை?"

"தண்ணியை."

நமச்சிவாயம் வாசல் பக்கம் பார்த்தார். "விளக்கு என்ன கலர்ல எரியுது?" என்று கேட்டார்.

"பச்சை."

"அப்புறம் என்ன."

காரியம் நடக்கும் நாளுக்கு முன்னால் கிங்ஸ்லி வந்தான். வாசலில் அவன் தலையைக் கண்டதும் சங்கரவடிவு நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டாள். பெட்டி எப்படியோ கண்டுபிடித்துவிட்டது என்றே நினைத்தாள். ஒரு விதத்தில் அது அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

"அம்மா, வாழ்த்துகள்" என்றான் கிங்ஸ்லி. "பலவேசம் சாவுல இந்த வட்டாரத்துலயே பங்கே இல்லாத ஒரே வீடு உங்க வீடுதான். சுத்தமா பூஜ்யம்."

"தம்பி, அவருக்கு நான் தண்ணி..."

"தண்ணி குடுத்தீங்களா?" அவன் முகம் வாடியது. "குளிர்ந்த தண்ணியா? அதுக்குப் பங்கு வருமே. ஆனா பதிவுல இல்லையே."

"குடுக்கல. நிறுத்திட்டேன்."

"அப்ப சரி" என்று மூச்சு விட்டான். "குடுக்கலைன்னா பங்கு கொறையத்தான செய்யும். பயமுறுத்திட்டீங்க. மன்னிப்பு நிகழ்ச்சிக்கு நீங்க வரணும்மா. பங்கில்லாதவங்களுக்குன்னு ஒரு நாற்காலி போடச் சொல்லி மேல இருந்து உத்தரவு."

கூப்பிட்ட மரியாதைக்குப் போகாமல் இருக்க முடியுமா. சங்கரவடிவு நல்ல நூல்புடவை ஒன்றை எடுத்து விரித்தாள். கசங்கிக் கிடந்தது. தேய்க்கக் கொடுக்கலாம் என்று ஜன்னல் வரை போனாள். பிறகு, கசங்கியதையே கட்டிக்கொண்டாள்.

பலவேசத்தின் வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். ஒற்றை அறையும் தகரக் கூரையும். பந்தல் போட்டிருந்தார்கள், நிழல் பந்தலைவிட்டு நகர்ந்து வாய்க்காலில் விழுந்துகொண்டிருந்தது. நடுவில் வாரியத்து ஒலிபெருக்கிப் பெட்டி, பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி. சங்கரவடிவு அதில் உட்கார்ந்தாள். பலவேசத்தின் மனைவி பேச்சித்தாய் எதிரே தரையில், சுவரோடு ஒட்டிக் குந்தியிருந்தாள். துணிக்கடையிலிருந்து ஒரு பெரிய மலர் வளையம் வந்திருந்தது. 'எங்களுக்குப் பங்கில்லை என்றாலும்' என்று தொடங்கும் அட்டை ஒன்று அதில் தொங்கியது.

வரிசை வெயிலில் நின்றது. கிங்ஸ்லி பெயரைப் படிக்க, ஒவ்வொருவராகப் பந்தலுக்குள் வந்து, அந்தப் பெட்டியின் முன் குனிந்து, வாரியம் எழுதிக் கொடுத்த வரியைச் சொன்னார்கள். ஒருவர் துணி துவைக்கும் மிஷினில் வெந்நீர் போட்டவர். இன்னொருவர் பக்கத்துக் கடைப் பிரியாணியை வீட்டுக்கு வரவழைத்தவர். செல்லத்துரை இந்தத் தடவை நல்ல சட்டை போட்டிருந்தார். புதுச் சட்டை, அதனாலேயே அவர் பங்கு ஒரு இடம் முன்னேறியிருந்தது. ஒவ்வொருவர் சொல்லும்போதும் பேச்சித்தாய் தலையை ஆட்டினாள். பெட்டியில் பச்சை விளக்கு ஒருமுறை மினுக்கும். அடுத்த ஆள்.

சங்கரவடிவுக்கு உட்கார்ந்த இடம் சுட்டது. ஊரே குனிந்து போகும் இடத்தில் தான் மட்டும் நாற்காலியில் இருப்பது, ஒரு மாதத்துக்கு முன்னால் என்றால் அவளுக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி இருந்திருக்கும்.

வரிசை தீர்ந்தது. எழுந்துவிடலாம் என்று அவள் முழங்காலில் கை ஊன்றினாள்.

"கொஞ்சம் இருங்கம்மா" என்றான் கிங்ஸ்லி. கையில் இருந்த பலகையைப் பார்த்தான். "இதுல ஆகக் கூடுன பங்கு இனிமேத்தான். பலவேசம், மறைந்தவர். தொழில் முறையில் நாள் முழுக்கக் கரி எரித்தது."

பந்தலில் தலைகள் நிமிர்ந்தன.

"அவன் சாவுல அவனுக்கே பங்கா?" என்று பின்னால் யாரோ கேட்டார்கள்.

"கரியோட சூடு முதல்ல அவருக்குத்தானங்க பட்டுது" என்றான் கிங்ஸ்லி. அவனுக்கே சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் சொன்னான். "அவர் சார்பா வாரிசு மன்னிப்புக் கேக்கணும்."

"யாருகிட்ட?"

"பங்கில்லாதவங்ககிட்ட."

அப்போதுதான் சங்கரவடிவுக்கு அந்த நாற்காலி எதற்கென்று புரிந்தது.

பேச்சித்தாய் சுவரைப் பிடித்து எழுந்தாள். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு நாற்காலியின் முன்னால் வந்து நின்றாள். கிங்ஸ்லி நீட்டிய தாளை வாங்கவில்லை. காலையிலிருந்து கேட்டுக் கேட்டு அந்த வரி அவளுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது.

"என் வீட்டுக்காரர் உண்டாக்குன சூட்டுக்கு மன்னிச்சுக்கிடணும் ஆச்சி."

பெட்டி காத்திருந்தது. விளக்கு மினுக்கவில்லை.

"நீங்க மன்னித்தேன்னு சொல்லணும்மா" என்றான் கிங்ஸ்லி மெதுவாக. "உங்க குரல்லதான் எடுத்துக்கும்."

"நான் சொல்ல மாட்டேன்" என்றாள் சங்கரவடிவு. குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "இவகிட்ட நாந்தான் கேக்கணும். ரெண்டு பாட்டில் தண்ணிய வைக்க மாட்டேன்னு சொன்னவ நான். எல்லாரும் கேட்டுக்கிடுங்க. விளக்குப் பச்சையா எரியணும்னு..."

'பதில் ஏற்கப்படவில்லை' என்றது பெட்டி. இனிமையான பெண் குரல். 'மன்னித்தேன் என்று கூறவும்.'

"அந்தத் தண்ணி இதுல வராதும்மா" என்றான் கிங்ஸ்லி. "நான் அன்னைக்கே சொன்னேன்லா."

"வராதுன்னா வரவைங்க தம்பி. என் பேரையும் எழுதுங்க. முதல் பேரா எழுதுங்க."

"எந்தக் கட்டத்துல எழுத? செலவழிச்சதுக்குத்தான் கட்டம் இருக்கு. குடுக்காததுக்குக் கட்டமே கெடையாது."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஜெபக்கனி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு கேட்டாள். வருஷக்கணக்காக மாவு வைத்ததற்கு அவளுக்குக் கிடைத்த மிகப் பெரிய சேதி இதுதான். ஆனால் அதை வாங்கிக்கொண்டு யாரிடம் போவது என்று தெரியாதவள் போல நின்றாள்.

பேச்சித்தாய் ஓர் அடி முன்னால் வந்தாள். குனிந்து, பெட்டிக்குக் கேட்காத குரலில் சொன்னாள். "தெரியும் ஆச்சி. அவிய அன்னைக்கே வீட்டுக்கு வந்து சொன்னாவ. பானை ஒண்ணு வாங்கி வண்டியில வச்சிக்கிடுவோம்னு நாந்தான் சொன்னேன். சந்தைக்குப் போகத் தோதுப்படல."

"பேச்சி, நான்..."

"உள்ள எம் மக பச்சைப்பிள்ளையோட கெடக்கா. பேறுகாலத்துக்கு வந்தவ. எங்க வீட்டுக்காரரோட பங்கு தீருற வரைக்கும் கரண்டு கெடையாதுன்னு நிறுத்தி வச்சிருக்காவ. பிள்ளைக்கு மேலெல்லாம் வேக்குரு. தகரத்துக்குக் கீழ எப்படிக் கெடக்கும்னு பாருங்க." அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்படுவதற்கு வேண்டிய தெம்பு இல்லை என்பதுதான் சரி. "உங்களுக்கு மனசு ஆறணும்னா அதை இன்னொரு நாள் வச்சிக்கிடலாம் ஆச்சி. இப்ப அந்த வார்த்தையைச் சொல்லுங்க."

உள்ளேயிருந்து குழந்தை சிணுங்கும் சத்தம் வந்தது. அழுவதற்குக்கூட ஈரம் வேண்டும் போல, வறண்ட சிணுங்கல்.

கிங்ஸ்லி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான். 'மன்னித்தேன் என்று கூறவும்' என்றது பெட்டி மறுபடி, அலுக்காத குரலில்.

சங்கரவடிவு பேச்சித்தாயின் முகத்தைப் பார்த்தாள். பார்க்க முடியவில்லை. பெட்டியைப் பார்த்தாள்.

"மன்னிச்சுட்டேன்."

'மீண்டும், தெளிவாகக் கூறவும்.'

"மன்னித்தேன்" என்றாள், பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிப்பது போல.

பச்சை விளக்கு மினுக்கியது. 'நன்றி. நீங்கள் உலகத்தைக் குளிர்வித்திருக்கிறீர்கள்' என்றது பெட்டி. தகரக் கூரைக்கு அடியில் கிடந்த மின்விசிறி ஒரு முனகலோடு அசைந்து, நின்று, பிறகு சுற்றத் தொடங்கியது. பேச்சித்தாய் யாரையும் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். வரிசையில் நின்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக வாய்க்காலைத் தாண்டிக் கலைந்தார்கள். கிங்ஸ்லி ஒலிபெருக்கியின் வயரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, மலர் வளையத்தை வீட்டின் நிழலில் சாய்த்து வைத்தான்.

சங்கரவடிவு எழுந்தாள். வாசலுக்கு நேராக நின்று ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. துக்க வீட்டிலிருந்து சொல்லிக்கொண்டு கிளம்பும் வழக்கம் அந்தப் பக்கத்தில் கிடையாது. அந்த வழக்கத்தை யார் ஏற்படுத்தினார்களோ, அன்றைக்கு அவளுக்கு ரொம்ப வசதியாகப் போயிற்று.